காசு கட்டிக் கல் சுமக்கலாம் வாங்க!

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் மெயில் பெட்டியிலும் ஒரு வகை விளம்பரம் முளைக்க ஆரம்பித்துவிடும். பின்னணியில் பனிமலை, முன்னால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிரிக்கும் நாலு பேர், ஒருவர் கையில் மண்வெட்டி. வெளிநாட்டுக்குப் போய் மூன்று வாரம் காட்டுக்குள் ட்ரெக்கிங் பாதை போடும் தன்னார்வத் தொண்டாம். விமான டிக்கெட் உங்கள் செலவு. விசா உங்கள் செலவு. இன்ஷூரன்ஸ் உங்கள் செலவு. பல திட்டங்களில் இதற்கு மேல் பங்கேற்புக் கட்டணம் என்று வேறு ஒன்று. எல்லாம் முடிந்ததும் கையில் ஒரு சான்றிதழ்.

நான் படிப்பது பி.காம். ஒருவன் வேலையும் செய்து, அந்த வேலைக்குக் காசும் கட்டுகிறான் என்றால் அவன் தொழிலாளி இல்லை, கஸ்டமர். முதல் செமஸ்டரிலேயே புரிந்துவிடுகிற சமாச்சாரம் இது. அப்படியானால் அவன் என்ன வாங்குகிறான்? பாதையை வாங்கவில்லை, அது மலையிலேயே கிடக்கப் போகிறது. 'நான் பாதை போட்டேன்' என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளும் உரிமையை வாங்குகிறான். வாங்கட்டும், தப்பே இல்லை. சுற்றுலாவுக்குச் சுற்றுலா என்று பெயர் வைத்தால் யாருக்கும் நஷ்டம் கிடையாது. அதற்குத் தொண்டு என்று பெயர் வைக்கும்போது யாரோ ஒருவருடைய கூலி கணக்கிலிருந்து காணாமல் போகிறது. என் சண்டை அதோடுதான்.

அடிக்க வருவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போகாதே என்றோ, குனிந்து வேலை செய்வது கேவலம் என்றோ நான் சொல்லவில்லை. அந்த வேலைமேல் எனக்கு ரொம்ப மரியாதை. அந்த மரியாதையால்தான் இவ்வளவு கோபம்.

சரி, மேட்டருக்கு வருவோம். பாதை என்றால் என்ன? நாலு பேர் நடந்தால் தானாக விழும் ஒற்றையடித் தடம்தானே என்று நினைத்துவிடுகிறோம். வயல் வரப்புக்கு அது சரி. வருஷத்துக்கு லட்சம் பேர் மிதிக்கும் மலைச்சரிவில் கதை வேறு. அங்கே பெரிய எதிரி தண்ணீர். நடக்க நடக்கப் பாதையின் நடுப்பகுதி அமுங்கி, வெளி ஓரத்தில் மண் திட்டு கட்டிவிடும். அதற்கப்புறம் பெய்கிற மழை சரிவில் வழிந்து போகாமல் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். மண் போகும், வேர் தெரியும், கல் தெரியும். நடக்கிறவர்கள் சேற்றுக்குப் பயந்து ஓரமாக ஒதுங்கிப் புல்லை மிதிப்பார்கள். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம். ஒரு பாதை மூன்று பாதையாகி, மூன்றும் ஓடையாகிவிடும்.

அதனால் வேலை தெரிந்தவர்கள் பாதையைச் சமதளமாக வெட்டமாட்டார்கள். வெளிப்பக்கமாக லேசாக, நூற்றுக்கு ஐந்து என்ற அளவில், சாய்த்து வெட்டுவார்கள். பாதையின் ஏற்றம் அந்தச் சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கணக்கும் உண்டு. போனால் தண்ணீர் பாதைக்குக் குறுக்கே இறங்காமல் பாதையோடு இறங்கும். செங்குத்தான இடங்களில் கல்லோ மரக்கட்டையோ குறுக்காகச் சாய்த்துப் பதித்துத் தண்ணீரைத் திருப்பி விடுவார்கள். அந்தத் தடுப்புக்குப் பின்னால் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதை வாரிப் போட வேண்டும். வாராமல் விட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் தடுப்பு புதைந்து, இருந்தும் இல்லாத கதைதான்.

படிக்கட்டு இன்னும் மோசம். ஒரு ஆள் தூக்க முடியாத கல்லைக் கடப்பாரையால் நெம்பி நெம்பி நகர்த்தி, கீழ்க்கல்லின் வால்மேல் மேல்கல் உட்காரும்படி வைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ஒரு படிக்கு ஒரு முழு நாள் போவதும் உண்டு. அமெரிக்கக் காடுகளில் புலாஸ்கி என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண் கொத்தும் அலகு. 1910 பெருந்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் தள்ளிக் காப்பாற்றிய வனத்துறை ரேஞ்சர் எட் புலாஸ்கியின் பெயரால் வந்த கருவி அது. அதைக் காலில் போட்டுக்கொள்ளாமல் நாள் முழுக்க வீசவே ஒரு வாரம் பழக வேண்டும். மூன்று வாரத்துக்கு வருகிறவர் கற்றுக்கொண்டு முடிப்பதற்குள் ரிட்டர்ன் டிக்கெட் தேதி வந்துவிடும். அவருக்குக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி அடுத்த பேட்சுக்கு மறுபடியும் அ, ஆ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது அந்த 'வருஷத்துக்கு ஒரு தடவை வாரிப் போட வேண்டும்' என்பதற்கு வருகிறேன். கணக்குப் பாடத்தில் கேப்பிடல் செலவு, ரெவின்யூ செலவு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். மெஷின் வாங்குவது கேப்பிடல், அதற்கு எண்ணெய் போடுவது ரெவின்யூ. புதுப் பாதை வெட்டுவது கேப்பிடல். போட்டோ எடுக்கலாம், வரைபடத்தில் கோடு போடலாம், நன்கொடையாளருக்கு ரிப்போர்ட் அனுப்பலாம். வடிகாலில் வண்டல் வாருவது ரெவின்யூ. போட்டோ எடுத்தால் ஒரு பள்ளமும் ஒரு முதுகும்தான் தெரியும். மூன்று வாரத்துக்கு ஏழு கடல் தாண்டி வருகிறவருக்கு எது கிடைக்க வேண்டும் என்று அமைப்பாளருக்குத் தெரியாதா என்ன? அவர் கேப்பிடலை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, ரெவின்யூவை ஊர்க்காரர் தலையில் கட்டுகிறார். எல்லா அமைப்புகளும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் புதுப் பாதை எத்தனை கிலோமீட்டர் என்று பெரிய எழுத்தில் போடும் அமைப்பு, மூன்றாம் வருஷப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம் என்பதைச் சின்ன எழுத்திலாவது போட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தேய்மானத்துக்கு ஒதுக்கீடு காட்டாமல் சொத்தை மட்டும் காட்டும் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டை எங்கள் வகுப்பில் யாரும் பாஸ் செய்யமாட்டார்கள்.

இதே வேலையை ஒரு பணக்கார நாடு தன் மலையில் எப்படிச் செய்துகொள்கிறது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். நார்வேயில் மலைப்பாதைகள் கூட்டத்தில் தேய்ந்து சேறாகிக்கொண்டிருந்தன. அவர்கள் ஊர் ஊராக விளம்பரம் கொடுத்துக் கல்லூரிப் பசங்களைக் கூப்பிடவில்லை. நேபாளத்திலிருந்து ஷெர்பாக்களை வரவழைத்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் கெய்ர் வெட்டி என்ற நார்வேக்காரர் ஆரம்பித்து வைத்த ஏற்பாடு. (பெயர்தான் வெட்டி, ஆள் படு சுறுசுறுப்பு!) எவரெஸ்ட் அடிவாரத்தில் இருக்கும் கும்பு பகுதிக்காரர்களுக்குக் கல் பதித்துப் படி கட்டுவது கைவந்த வேலை. அவர்களுக்கு வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மலையேற்ற சீசன். நடுவில் வரும் மழைக்காலத்தில் ஊரில் வேலை குறைவு, அதே மாதங்கள்தான் நார்வேயின் கோடை. கன கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

பிரெய்க்கஸ்டோலன் பாறைக்குப் போகும் பாதையைச் சீரமைத்தவர்கள் இவர்கள். லோஃபோடன் தீவுகளில் ரெய்ன்பிரிங்கன் மலைமேல் 1,978 கல்படிகள் இவர்கள் போட்டவை. ட்ரோம்சோ நகரத்துக்கு மேலே ஏறத்தாழ 1,200 படிகள் கொண்ட படிக்கட்டுக்குப் பெயரே ஷெர்பாட்ராப்பா, அதாவது ஷெர்பா படிக்கட்டு. கல்லை ஹெலிகாப்டர் கொண்டுவந்து இறக்கும், பதிப்பது இந்தக் கைகள். சும்மா இல்லை, சம்பளத்துக்கு. நார்வே சம்பளம் என்பதால் ஒரு கோடையில் சம்பாதிப்பது ஊரில் பல வருஷ வருமானத்துக்குச் சமம்.

ஆக, தன் மலைக்குப் பாதை வேண்டும் என்றால் பணக்கார நாடு வேலை தெரிந்தவனைத் தேடிப் பிடித்துக் கூலி கொடுத்துக் கூட்டி வருகிறது. ஏழை நாட்டு மலைக்குப் பாதை வேண்டும் என்றால் மட்டும் வேலை தெரியாத பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பி வைக்கிறார்கள். காத்மாண்டு விமான நிலையத்தில் இந்த இரண்டு வரிசையும் எதிரெதிரே நடக்கும். மூன்றாவது வரிசை ஒன்றும் உண்டு, அதுதான் நீளமானது. கத்தாருக்கும் மலேசியாவுக்கும் கூலி வேலைக்குக் கிளம்பும் நேபாள இளைஞர்களின் வரிசை. அந்த நாட்டு மொத்த உற்பத்தியில் கால்வாசி அளவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணம்தான். சொந்த ஊரில் கூலி வேலை இல்லையென்று அவர்கள் வெளியேறுகிற அதே கதவு வழியாக, சும்மா வேலை செய்கிறேன் என்று நாம் உள்ளே போகிறோம். இதில் தொண்டு எங்கே இருக்கிறது, எனக்குப் புரியவில்லை.

கொஞ்சம் கணக்கும் போட்டுவிடலாம், வந்ததற்கு. ஒரு பேச்சுக்கு டிக்கெட், கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் என்று வையுங்கள். நேபாள ரூபாய் நம் ரூபாயோடு 1993 முதல் 1.6 என்ற விகிதத்தில் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. எனவே 1,60,000 நேபாள ரூபாய். 2023-இல் அந்த அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 17,300. வகுத்தால் ஒன்பது மாதத்துக்கு மேல் வருகிறது. 2025-இல் அதை 19,550 ஆக்கினார்கள், அப்போதும் எட்டு மாதம் தாண்டுகிறது. ஒரு பக்கம் மூன்று வாரம் வேலை செய்யும் நீங்கள். மறுபக்கம் எட்டு மாதம் வேலை செய்யும், அந்த மலையிலேயே பிறந்த, எந்த ஓடை எந்த மாதம் பொங்கும் என்று தெரிந்த ஒரு ஆள். வாய்ப்புச் செலவு என்று புத்தகத்தில் ஒரு பாரா மனப்பாடம் செய்து எழுதுகிறோமே, அது இதுதான்.

'சொல்வது சுலபம், நடக்குமா?' என்பவர்களுக்கு: நடந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். மலைக்கிராமங்களுக்குப் போகும் பாதைகள் பல இடங்களில் சரிந்து மூடிக்கொண்டன. சுற்றுலாப் பயணிகள் வரவில்லை, போர்ட்டர்களுக்கு வேலை போய்விட்டது. அப்போது ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அங்குள்ள மலையேற்றத் துறையினரோடு சேர்ந்து, அந்தப் போர்ட்டர்களையும் ஊர்க்காரர்களையுமே கூலிக்கு எடுத்தது. நிவாரண அரிசியைச் சுமந்தவர்கள் அவர்கள், பாதையைச் சரிசெய்தவர்களும் அவர்கள். அரிசி போய்ச் சேர்ந்தது, பாதை திறந்தது, கையில் காசும் வந்தது. அவ்வளவு பெரிய அவசரத்திலேயே கூலி கொடுத்துச் செய்ய முடிந்தது என்றால், சாவகாசமாகத் திட்டம் போட்டு நடத்தும் கோடை முகாமில் முடியாதா?

தன்னார்வ வேலையே கூடாதா என்றால், அதுவும் இல்லை. அதற்கு உதாரணம் அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெயில். 1921-இல் பென்டன் மக்காய் என்பவர் ஒரு கட்டுரையில் எழுதிய யோசனை, 1937-இல் முழுப் பாதையாகிவிட்டது. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அதைப் பராமரிப்பதில் பெரும் பங்கு பாதையோரம் இருக்கும் முப்பது சொச்சம் உள்ளூர் மலையேற்ற சங்கங்களுடையது. ஒவ்வொரு சங்கத்துக்கும் இத்தனை மைல் என்று ஒதுக்கீடு. அந்தத் துண்டு அவர்கள் பொறுப்பு, இந்த வருஷமும் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும். ரிட்டயர் ஆன வாத்தியாரும் கடைக்காரரும் சனிக்கிழமை காலையில் போய் வடிகால் வாரிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்குப் பகுதியில் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது ரம்பத்தோடு போய் நின்றவர்களில் இந்தச் சங்கத்து ஆட்கள் நிறைய. அது அவர்கள் வீட்டுக் கொல்லை மாதிரி. இதைத்தான் நான் தன்னார்வம் என்பேன். தூரத்து ஆட்களையும் அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். 1983 முதல் கொன்னராக் குழு என்று ஒன்று இயங்குகிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் அங்கே உள்ளூர்ச் சங்கம் சொல்கிற வேலையை, தேர்ந்த தலைவர் ஒருவருக்குக் கீழே செய்கிறார்கள். பொறுப்பு எப்போதும் ஊரில் இருக்கிறது, வருகிறவர் கூடுதல் கை.

அந்தப் பாதையிலும் ஒரு சங்கதியை மறந்துவிடுகிறார்கள். 1937-இல் மெய்ன் மாநிலத்தில் கடைசித் துண்டை இணைத்து முடித்தவர்கள் தன்னார்வலர்கள் இல்லை, சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அரசுத் திட்டத்தின் பையன்கள். பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் நின்ற இளைஞர்களை 1933 முதல் 1942 வரை காட்டு வேலைக்கு எடுத்த திட்டம் அது. மாதம் 30 டாலர் கூலி, அதில் 25 டாலர் வழக்கமாக வீட்டுக்குப் போய்விடும். கறுப்பின இளைஞர்களைத் தனி முகாமில் வைத்த அநியாயமும் அதில் இருந்தது, அதை மறைக்க முடியாது. ஆனால் அமெரிக்காக்காரன் தன் பசங்களுக்குக் காட்டில் வேலை கொடுத்தபோது சான்றிதழ் நீட்டிக் காசு வாங்கவில்லை. கூலி கொடுத்தான்.

ஐஸ்லாந்தை இழுக்காமல் விட முடியாது, ஏனென்றால் விளம்பரங்களில் அதிகம் மினுக்குவது அந்த நாடுதான். அங்கே ஏழ்மை இல்லை. நாலு லட்சம்கூடத் தேறாத ஜனத்தொகை. 2010-இல் ஐந்து லட்சத்துக்கும் குறைவாக இருந்த சுற்றுலாப் பயணிகள் 2018-இல் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். எரிமலை மண், அதன்மேல் மெல்லிய பாசி. ஒரு தடவை மிதித்தால் ஆறப் பல வருஷம். அங்கே வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் பாதை வேலைக்குப் போவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது, ஒழுங்காகவே நடக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கொடுக்கிறார்கள். இருந்தாலும் ஒரு கேள்வி. வருகிற கூட்டத்தால் ஓட்டல், பஸ், விமானம் எல்லாமே கல்லா கட்டுகின்றன. கூட்டத்தால் தேயும் பாதையைச் சரிசெய்வது மட்டும் ஏன் இன்னொரு நாட்டு மாணவனின் ஓசி உழைப்பில் நடக்க வேண்டும்? லாபம் பார்க்கும் இடத்தில் சம்பளமில்லாமல் ஆள் வைக்காதே என்று அந்த நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு குரல் கொடுத்துவருகிறது. தேசியப் பூங்கா லாபக் கம்பெனி இல்லைதான். ஆனால் அந்தப் பாதையை வைத்துச் சம்பாதிப்பவர்கள் எல்லோரும் லாபக் கம்பெனிகள்தானே?

கலாசாரப் பரிமாற்றம் என்று ஒரு வாதம் வரும். நல்ல விஷயம். ஊர்க்காரர் லாட்ஜில் தங்கி, ஊர்க்காரரை வழிகாட்டியாக வைத்து, பேசிக்கொண்டே பத்து நாள் நடந்தாலும் அந்தப் பரிமாற்றம் நடக்கும், காசும் அங்கேயே இறங்கும். முகாமில் பெரும்பாலும் நடப்பது ஜெர்மன்காரனும் பிரெஞ்சுக்காரியும் பெங்களூர்க்காரனும் ஒருவரோடொருவர் செய்துகொள்ளும் பரிமாற்றம். அது பாட்டுக்கு ஜாலிதான், மறுக்கவில்லை.

ரெஸ்யூமே சமாச்சாரம் இன்னொன்று. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. எம்.பி.ஏ. நேர்முகத்தில் 'வெளிநாட்டில் சுற்றுச்சூழல் தொண்டு' என்ற ஒரு வரிக்கு இருக்கிற மவுசு, 'விடுமுறையில் மாமா கடையில் பில் போட்டேன்' என்ற வரிக்கு இல்லை. முதல் வரி டிக்கெட் வாங்க முடிந்தவனுக்குத்தான் கிடைக்கும். இரண்டாவது வரிக்காரன் அந்த இரண்டு மாதம் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டிருப்பான். யார் சேவை செய்தது என்று நேர்முகத்தில் கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

போகவே கூடாது என்று யாரையும் நான் தடுக்கப் போவதில்லை, என் பேச்சை யார் கேட்கிறார்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளரிடம் சிலதைக் கேட்டு வாங்குங்கள். நான் கட்டும் பணத்தில் உள்ளூர்க் கூலி எத்தனை சதவீதம்? போன வருஷம் போட்ட பாதையில் இந்த வருஷம் வடிகால் வாரியது யார், அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்? மேஸ்திரி உள்ளூர்க்காரரா? நான் வராமல் பணத்தை மட்டும் அனுப்பினால் வாங்கிக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் முகம் போகிற போக்கை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் மெயிலில்தான் கேட்டேன், இரண்டு அமைப்புகளிடம். ஒன்றிலிருந்து இன்று வரை சத்தமில்லை. இன்னொன்று மறுநாளே பதில் போட்டது. ஆர்வத்துக்கு நன்றி என்று இரண்டு வரி, கூடவே என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று ஒரு பட்டியல். முதல் ஐட்டம் வாட்டர்ப்ரூஃப் ஷூ, கடைசி ஐட்டம் கேமரா.